ஒன்பதாம் நாளின் மஞ்சள் காமாலை: இரத்தம் ஏற்றியபின் தாமதமாகத் தோன்றிய சிவப்பணுச் சிதைவு – ஒரு நிகழ்வு ஆய்வு

இரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் வரக்கூடிய காய்ச்சல், நடுக்கம், தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றை எதிர்கொள்ள எல்லா மருத்துவமனைகளும் ஆயத்தமாகவே இருக்கின்றன. முதல் 15 நிமிடம் செவிலியர் படுக்கையருகிலேயே நிற்பதும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறித்த இடைவெளிகளில் பதிவாவதும் அதற்காகத்தான். ஆனால் ஒரு வாரம் கழித்து, நோயாளி வீடு திரும்பிய பின் தொடங்கும் எதிர்வினைக்கு அப்படிப்பட்ட காவல் எதுவும் இல்லை. அதை முதலில் பார்க்க நேர்பவர் பெரும்பாலும் இரத்தம் ஏற்றிய மருத்துவராக இருப்பதில்லை. ஏற்றப்பட்டது என்ற செய்தியே அவர் கையிலுள்ள தாள்களில் ஒரு வரியாகக்கூட இல்லாமல் போகலாம். கீழே வரும் நிகழ்வு கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டது. எந்தவொரு தனி நோயாளியின் வரலாறும் அன்று. எனினும் இதன் போக்கு, இரத்த வங்கிகளில் பணிபுரிவோர் நன்கறிந்த போக்குதான்.

நிகழ்வு

61 வயதுப் பெண் ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த நிலையில் சேர்க்கப்பட்டார். மூன்று குழந்தைகளின் தாய். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத் தமனி ஒன்றில் ஸ்டென்ட் வைக்கப்பட்டு, ஆஸ்பிரின் உட்கொண்டு வருபவர். எடை 62 கிலோ. சேர்க்கைப் படிவத்தில் ‘முன்பு இரத்தம் ஏற்றப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் இருந்தது. வலியில் இருந்த தாய்க்காக அந்தப் படிவத்தை நிரப்பியவர் உடன் வந்த இளைய மகன்.

அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.8 கிராம். இடுப்பு மூட்டின் பந்துப் பகுதி மாற்றப்பட்டது. அறுவையில் குறிப்பிடத்தக்க சிக்கல் இல்லை. மறுநாள் காலை ஹீமோகுளோபின் 6.9 ஆகக் குறைந்திருந்ததாலும், இதய நோய் உள்ளவர் என்பதாலும், இரண்டு அலகு சிவப்பணு ஏற்ற முடிவு செய்யப்பட்டது. இரத்த வகை ஓ பாசிட்டிவ். மூன்று அணு வகைகளைக் கொண்டு ஜெல் முறையில் செய்யப்பட்ட ஆன்டிபாடி ஸ்கிரீனிங் (கொடையாளரின் சிவப்பணுக்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்புப் புரதம் பிளாஸ்மாவில் உண்டா என்று தேடும் சோதனை) நெகட்டிவ். இரு பைகளின் அணுக்களும் நோயாளியின் பிளாஸ்மாவோடு கலந்து, ஒட்டிய ஆன்டிபாடியை வெளிக்காட்டும் கூம்ஸ் கட்டம் வரை கிராஸ்மேட்ச் செய்யப்பட்டுப் பொருந்தின. இரத்தம் ஏற்றிய நாளை 0 என்று கொண்டால், அன்று எந்த எதிர்வினையும் இல்லை. முதல் நாள் ஹீமோகுளோபின் 9.0, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது 8.9. இரத்தக் கட்டியைத் தடுக்க எனாக்சபரின் ஊசி, பாராசிட்டமால், கால்சியம் ஆகியவை எழுதித் தரப்பட்டன. டிஸ்சார்ஜ் தாளில் அறுவை பற்றி ஒரு பக்கம் இருந்தது. இரத்தம் ஏற்றப்பட்டது பற்றி ஏதும் இல்லை.

ஏழாம் நாள் சோர்வு. பிசியோதெரபிக்கு எழுந்து நிற்க இயலவில்லை. எட்டாம் நாள் இரவு காய்ச்சல் 38.1 டிகிரி செல்சியஸ். ஒன்பதாம் நாள் காலை சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்து மூத்த மகள் அவரை அழைத்து வந்தார். கண்ணின் வெண்மைப் பகுதி தெளிவாக மஞ்சளித்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 108, இரத்த அழுத்தம் 128/74. அறுவைக் காயம் சுத்தமாக இருந்தது. தொடையின் வெளிப்பக்கம் ஆறி வரும் கன்றிப்பு. மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை.

ஹீமோகுளோபின் 7.1. வெள்ளணுக்கள் 12,400, தட்டணுக்கள் 2,60,000. மொத்த பிலிருபின் 4.6 மில்லிகிராம், அதில் மறைமுக பிலிருபின் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாதது) 3.9. அணுக்கள் சிதையும்போது உயரும் எல்.டி.ஹெச். நொதி 1,140. கல்லீரல் நொதிகளில் ஏ.எஸ்.டி. மட்டும் சற்றே உயர்வு, ஏ.எல்.டி. இயல்பு. கிரியேட்டினின் 0.9 இலிருந்து 1.4 ஆகியிருந்தது.

முதல் ஊகங்கள்

புதிதாக மூட்டு வைக்கப்பட்ட நோயாளி காய்ச்சலோடு வந்தால், மூட்டில் தொற்று என்றே முதலில் நினைப்பார்கள், அதில் தவறில்லை. இரத்த வளர்ப்புச் சோதனைக்கு மாதிரிகள் எடுக்கப்பட்டு ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது. ஹீமோகுளோபின் குறைவுக்கு எனாக்சபரினால் தொடைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம் என்றும், தேங்கிய அந்த இரத்தம் கரைந்து உறிஞ்சப்படுவதால் பிலிருபின் கூடியிருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. கேட்பதற்கு இது பொருத்தமாகத் தோன்றும். உண்மையில் பெரிய இரத்தத் தேக்கம் மறைமுக பிலிருபினை உயர்த்தக்கூடியதே. ஆனால் அல்ட்ராசவுண்டில் தென்பட்டது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தேக்கம் மட்டுமே. அது டெசிலிட்டருக்கு இரண்டு கிராம் ஹீமோகுளோபின் இழப்பை விளக்காது. சிறுநீரின் நிறத்தை அறவே விளக்காது. பித்தநாளங்கள் விரிவடையவில்லை.

சிறுநீர்ப் பட்டைச் சோதனை இரத்தத்துக்கு வலுவாக பாசிட்டிவ். அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் இல்லை. இந்த முரண்பாட்டுக்கு இரண்டு விடைகள்தான் உண்டு: சிறுநீரில் இருப்பது ஹீமோகுளோபின், அல்லது தசை சிதைந்து வெளிவந்த மையோகுளோபின். இரண்டையும் பிரித்தறிய விலையுயர்ந்த சோதனை எதுவும் முதலில் தேவையில்லை. இரத்தக் குழாயை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிவிட்டு மேலே நிற்கும் பிளாஸ்மாவின் நிறத்தைப் பார்த்தாலே போதும். மையோகுளோபின் சிறிய மூலக்கூறு. சிறுநீரகம் அதை விரைவாக வெளியேற்றிவிடுவதால் பிளாஸ்மா நிறம் மாறாமல் இருக்கும். ஹீமோகுளோபின் ஹாப்டோகுளோபின் என்ற பிளாஸ்மா புரதத்தோடு பிணைந்து தங்குவதாலும், அந்தப் பிணைப்பின் கொள்ளளவு மீறும்போதே சிறுநீருக்கு வருவதாலும், பிளாஸ்மாவும் சிவந்திருக்கும். இந்த நோயாளியின் பிளாஸ்மா மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் இருந்தது. ஹாப்டோகுளோபின் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. தசை நொதியான சி.கே. இயல்பு. இரத்தப் பூச்சில் நடுவெளிர்ப்பு இல்லாத, உருண்டு சிறுத்த ஸ்ஃபீரோசைட்டுகள் பல தென்பட்டன. சில்லுகளாக உடைந்த அணுக்கள் இல்லை.

ஆக, சிவப்பணுக்கள் சிதைகின்றன. சிதைவு பகுதியளவில் இரத்தக் குழாய்களுக்குள்ளேயே நடக்கிறது. சிதைப்பது எது என்ற கேள்விக்கு அப்போது வார்டில் இருந்த பட்டியலில் அறுவையின்போது தரப்பட்ட செஃபலோஸ்போரின் மருந்தும், ஜி-6-பி.டி. நொதிக் குறைபாடும், தானே தோன்றும் தன்னெதிர்ப்புச் சிதைவும் இருந்தன. ஒன்பது நாளுக்கு முந்தைய இரண்டு பைகள் அதில் இல்லை.

இரத்த வங்கியின் மேசையில்

நோய் கண்டறியப்பட்டது வார்டில் அல்ல. இரத்தம் கேட்டு அனுப்பிய படிவத்தின் வழியாக. தாமத எதிர்வினைகள் பல இவ்வாறே வெளிப்படுகின்றன. மேலும் இரண்டு அலகு வேண்டும் என்று வார்டு கேட்டபோது, முந்தைய மாதிரியின் அடிப்படையில் தர இயலாது, புது மாதிரி வேண்டும் என்று இரத்த வங்கி மறுத்தது. கடந்த மூன்று மாதத்துக்குள் இரத்தம் பெற்றவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் ஒரு மாதிரி மூன்று நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது அலுவலகப் பிடிவாதமாகத் தோன்றும். இடைப்பட்ட நாட்களில் புதிய ஆன்டிபாடி முளைத்திருக்கலாம் என்பதே அந்த விதியின் முழுப் பொருள்; இங்கே முளைத்திருந்தது.

புது மாதிரியில் ஸ்கிரீனிங் பாசிட்டிவ். எடுத்துப் பார்த்த ஆறு ஓ பாசிட்டிவ் பைகளில் ஐந்து பொருந்தவில்லை. நோயாளியின் அணுக்கள் மேல் ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடி கூம்ஸ் பரிசோதனையில் (டி.ஏ.டி.) ஜெல் குழலைப் பார்த்தபோது, மேற்பரப்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றும், அடியில் தடித்த சிவப்புப் படிவு ஒன்றும், இடையே தெளிந்த ஜெல்லும் இருந்தன. ஒட்டிக்கொண்ட அணுக்கள் மேலே தங்கிவிட்டன. ஒட்டாதவை கீழே இறங்கிவிட்டன. ஒரே உடலில் இருவகைச் சிவப்பணுக்கள் ஓடுவதையும், அவற்றில் ஒரு வகை மட்டுமே ஆன்டிபாடியால் போர்த்தப்பட்டிருப்பதையும் காட்டும் கலப்புத் தோற்றம் இது. தன்னெதிர்ப்புச் சிதைவாக இருந்தால் பொதுவாக எல்லா அணுக்களும் ஒட்டியிருக்கும். என் கணிப்பில், அன்று செய்யப்பட்ட சோதனைகள் அனைத்திலும் அதிகம் பேசியது இந்த ஒரு குழல்தான். ஆனால் கணினியில் ‘டி.ஏ.டி. 2+’ என்று மட்டும் பதிவானால் அந்தச் செய்தியில் பாதி தொலைந்துவிடும். தனித்தனி வினைப்பொருள்களால் சோதித்தபோது ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் என்ற, அணுக்களைத் துளைத்து அழிக்க உதவும் பிளாஸ்மா புரதத் தொகுதியின் எச்சமான சி3டி இரண்டுமே பாசிட்டிவ்.

பதினோரு அணு வகைகள் கொண்ட பேனலில், கிட் என்ற இரத்த வகைத் தொகுதியைச் சேர்ந்த ஜேகே-ஏ ஆன்டிஜெனை (சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள ஓர் அடையாளக்கூறு) மட்டும் இரட்டை அளவில் தாங்கிய அணுக்கள் 2+ முதல் 3+ வரை வினைபுரிந்தன. ஜேகே-ஏ, ஜேகே-பி இரண்டையும் தாங்கியவை 1+ அல்லது அதற்கும் மங்கலாக. ஜேகே-ஏ இல்லாதவை வினைபுரியவே இல்லை. பாப்பெய்ன் நொதியால் பதப்படுத்திய அணுக்களில் அதே வரிசை வலுவாகத் தெரிந்தது. அமில முறையில் எலூஷன் செய்து, நோயாளியின் சிவப்பணுக்கள் மேல் ஒட்டியிருந்த ஆன்டிபாடியைப் பிரித்துச் சோதித்தபோதும் ஆன்டி-ஜேகே-ஏ மட்டுமே கிடைத்தது. ஒரு ஆன்டிபாடியைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. ஒருமுறை எதிர்வினை புரிந்த உடல் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை உருவாக்கியிருக்கக்கூடும். ஜேகே-ஏ வினைக்குப் பின்னால் ஓர் ஆன்டி-ஈ அல்லது ஆன்டி-கே மறைந்திருப்பது அரிதன்று. ஆர்ஹெச், கெல், டஃபி, எம்.என்.எஸ். தொகுதிகளின் முக்கிய ஆன்டிஜென்களுக்கு எதிரானவை, ஜேகே-ஏ இல்லாத அணுக்களைக் கொண்டு ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. டஃபி ஆன்டிஜென்களைப் பாப்பெய்ன் அழித்துவிடும் என்பதால், அவற்றை நொதி படாத அணுக்களில்தான் பார்க்க முடியும்.

நோயாளியின் சொந்த அணுக்களில் ஜேகே-ஏ இல்லை என்பதை உறுதி செய்யாமல் இந்த அடையாளம் முழுமையாகாது. இங்கே ஒரு தடை எழுந்தது. இரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி, ஏழு நாள் பாதுகாப்புக் காலம் முடிந்து எட்டாம் நாளே அப்புறப்படுத்தப்பட்டிருந்தது. ஏழு நாள் என்பது பரவலான குறைந்தபட்ச விதிதான். ஆனால் இரண்டாம் வாரத்தில் உச்சம் அடையும் ஒரு எதிர்வினைக்கு முதல் வாரத்தோடு சான்றைக் களைந்துவிடும் ஏற்பாடு பொருத்தமானதாக எனக்குத் தோன்றவில்லை. குளிர்பெட்டியில் இடமிருந்தால் பதினான்கு நாளாவது வைத்திருப்பது நல்லது. இப்போதைய மாதிரியிலோ கொடையாளரின் அணுக்களும் கலந்துள்ளன, அவை ஐ.ஜி.ஜி.யால் போர்த்தப்பட்டும் இருப்பதால் கூம்ஸ் முறையில் செய்யும் ஆன்டிஜென் சோதனை பொய்யாக பாசிட்டிவ் காட்டும். எனவே வெள்ளணுக்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து மரபணு சோதிக்கப்பட்டது. கிட் புரதத்தின் 280ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தால் ஜேகே-ஏ, அஸ்பரஜின் இருந்தால் ஜேகே-பி. ஒரே ஒரு அமினோ அமிலத்தின் வேறுபாடு. நோயாளியின் இரு மரபணுப் பிரதிகளும் ஜேகே-பி வகை. பைகளின் குழாய்த் துண்டுகளைக் காலாவதி நாள் வரை வைத்திருக்கும் வழக்கம் அங்கிருந்ததால் அவை கிடைத்தன: ஒரு பை ஜேகே-ஏ மட்டும் உள்ளது, மற்றது இரண்டும் உள்ளது. ஏற்றப்பட்ட இரண்டு அலகுகளும் இலக்காகியிருந்தன.

உடலுக்குள் நடந்தது

கிட் தொகுதி 1951இல், பிறந்த குழந்தையின் சிவப்பணுச் சிதைவுக்குக் காரணமான ஒரு தாயின் ஆன்டிபாடி வழியாக அறியப்பட்டது. அந்தத் தாயின் குடும்பப் பெயரே தொகுதியின் பெயராயிற்று. இந்த ஆன்டிஜென்களைத் தாங்கும் புரதம் சிவப்பணுவின் யூரியா கடத்தி. ஏ.பி.ஓ., ஆர்ஹெச்-டி ஆகியவற்றைப் போல் கிட் வகையை யாரும் வழக்கமாகப் பொருத்திப் பார்த்து இரத்தம் தருவதில்லை; அது தேவையும் இல்லை, ஏனெனில் ஜேகே-ஏ வலுவான தூண்டி அன்று. அதைப் பெறும் பெரும்பாலானோர் ஆன்டிபாடி உருவாக்குவதே இல்லை. உருவாக்கும் சிலரிடம்தான் தொல்லை.

அன்னிய ஆன்டிஜெனை முதன்முறை எதிர்கொள்ளும் உடல், கண்டறியும் அளவுக்கு ஆன்டிபாடி சேர்க்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஏற்றப்பட்ட அணுக்களில் ஒரு பகுதி இயல்பாகவே முதிர்ந்து நீங்கியிருக்கும். ஆன்டிபாடியும் மெல்ல உயர்வதால் சிதைவு வெளியே தெரிவதில்லை. பின்னர் ஆன்டிபாடியின் அளவு குறைந்துகொண்டே போய், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ சோதனையின் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். சிவப்பணு ஆன்டிபாடிகளில் கணிசமான பங்கு இவ்வாறு மறைபவை; கிட் தொகுதியைச் சேர்ந்தவை அதில் முன்னணியில் நிற்பவை. மறைவது ஆன்டிபாடிதான், அதை உருவாக்கக் கற்ற நினைவணுக்கள் அல்ல. அதே ஆன்டிஜென் மீண்டும் வரும்போது அவை சில நாட்களில் விழித்து, முதல் முறையைவிடப் பன்மடங்கு வேகத்தில் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடியைச் சுரக்கின்றன. மூன்று முதல் பதினான்கு நாள் என்ற வழக்கமான இடைவெளி இந்த இரண்டாம் எழுச்சியின் கால அளவே தவிர வேறன்று. வரையறைகள் இன்னும் அகலமானவை: இரத்தம் ஏற்றிய 24 மணி நேரத்துக்குப் பின், 28 நாளுக்குள் என்பதே கண்காணிப்பு அமைப்புகள் பயன்படுத்தும் எல்லை.

ஆர்ஹெச் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் காம்ப்ளிமென்ட்டைத் தூண்டுவதில்லை; அவை போர்த்திய அணுக்களை மண்ணீரலின் விழுங்கணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுக்கின்றன. சவ்வை இழந்து உருண்டுபோன ஸ்ஃபீரோசைட்டுகள் அந்தக் கடியின் தடயம். கிட் ஆன்டிபாடிகளோ ஐ.ஜி.ஜி.யாக இருந்தும் காம்ப்ளிமென்ட்டைப் பிணைக்க வல்லவை. அதனால் சில அணுக்கள் குழாய்களுக்குள்ளேயே உடைந்து ஹீமோகுளோபின் நேரே பிளாஸ்மாவில் கொட்டுகிறது; சி3பி படிந்த அணுக்களைக் கல்லீரலின் விழுங்கணுக்கள் பிடிக்கின்றன; தப்பிய அணுக்களின் மேல் சி3டி எச்சம் தங்கிவிடுகிறது. இந்த நோயாளியின் சிவந்த பிளாஸ்மாவும், நேரடி கூம்ஸில் தென்பட்ட சி3டியும் ஒரே நிகழ்வின் இரு அடையாளங்கள்.

முதல் ஸ்கிரீனிங் தவறாகச் செய்யப்பட்டதா என்ற ஐயம் இயல்பாக எழும். அங்கே பயன்பட்ட மூன்று அணு வகைகளில் ஒன்று ஜேகே-ஏவை இரட்டை அளவில் தாங்கியதே, முறையும் தரமானது. ஒற்றை அளவு அணுக்கள் மட்டுமே இருந்திருந்தால், கிட் ஆன்டிபாடிகள் அளவைப் பொறுத்து வினைபுரிபவை என்பதால், மங்கலான ஆன்டிபாடி நழுவியிருக்கும் என்று வாதிடலாம். இங்கே அந்த வாதத்துக்கும் இடமில்லை. அன்றைய பிளாஸ்மாவில் கண்டறியும் அளவுக்கு ஆன்டிபாடி இல்லை என்பதே அந்த முடிவின் பொருள். சோதனை சரி, அதன் மேல் கட்டப்பட்ட நம்பிக்கைக்குத்தான் அது போதவில்லை.

சிகிச்சை

பத்தாம் நாள் காலை ஹீமோகுளோபின் 6.8. ஏற்றுவதற்கு முன்பிருந்த 6.9க்கு ஏறத்தாழத் திரும்பிவிட்டது. அதாவது ஏற்றப்பட்டவற்றால் கிடைத்த உயர்வு முழுவதும் கரைந்துவிட்டது, ஆனால் நோயாளியின் சொந்த அணுக்கள் தப்பியிருந்தன. இந்த வேறுபாட்டை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் முந்தைய நிலைக்கும் கீழே சரிந்தால், சொந்த அணுக்களும் சேர்ந்து அழியும் மிகைச் சிதைவு நிலையை எண்ண வேண்டும். கதிர் அரிவாள் சோகை உள்ளவர்களிடம் அது உயிருக்கே ஆபத்தானது; ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை கூடாமல் குறைவதும் அதன் எச்சரிக்கை. அத்தகையவருக்கு மேலும் இரத்தம் ஏற்றுவது நெருப்புக்கு விறகாகக்கூடும் என்பதால், இயன்றவரை அதைத் தவிர்த்து, இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு, சில சமயம் காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் ஆகியவற்றை நாட வேண்டியிருக்கும். இந்த நோயாளிக்கு ரெட்டிகுலோசைட் 7 சதவீதமாக உயர்ந்திருந்தது.

ஆயினும் நெஞ்சில் இறுக்கமும், இ.சி.ஜி.யில் புதிதாக எஸ்.டி. தாழ்வும் (இதயத் தசைக்கு ஆக்சிஜன் போதாமையின் அடையாளம்) தெரிந்ததால் காத்திருக்க இயலவில்லை. பொருந்திய அந்த ஆறாவது பையை உடனே தந்துவிடாமல், அதில் ஜேகே-ஏ இல்லை என்பதைத் தனியே சோதித்து உறுதிசெய்த பின்னரே இரத்த வங்கி அனுப்பியது. ஒற்றை அளவு ஆன்டிஜென் உள்ள பை மங்கலான வினையால் பொருந்துவது போலத் தோற்றமளிக்கலாம் என்பதால் இந்த எச்சரிக்கை நியாயமானது. ஜேகே-ஏ அற்றவர்கள் பல மக்கள் கூட்டங்களில் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவர். ஆப்பிரிக்க மரபினரிடம் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே கேட்டவுடன் கிடைக்காவிட்டாலும், தேடினால் கிடைக்கக்கூடியதே. ஒரு அலகு மெதுவாக ஏற்றப்பட்டது, ஹீமோகுளோபின் 7.8 ஆகி, நெஞ்சிறுக்கம் தணிந்தது.

சிறுநீரகத்தைக் காக்க நரம்பு வழியாகத் திரவம் தரப்பட்டு, இதயம் தாங்கும் அளவுக்குள் சிறுநீர் வெளியேற்றம் கண்காணிக்கப்பட்டது. கிரியேட்டினின் பதினோராம் நாள் 1.7 வரை ஏறி, பின் இறங்கியது. ஃபோலிக் அமிலம் தொடங்கப்பட்டது. இரத்த வளர்ப்பு 48 மணி நேரத்திலும் நெகட்டிவ் என்றதும் ஆன்டிபயாடிக் நிறுத்தப்பட்டது. எனாக்சபரினை நிறுத்தலாமா என்று விவாதம் எழுந்தது; சிவப்பணுச் சிதைவே இரத்த உறைவைத் தூண்டக்கூடியது, இடுப்பு அறுவையும் அவ்வாறே, கசிவுக்கோ சான்றில்லை. அதனால் தடுப்பு அளவில் தொடர்ந்தார்கள். ஸ்டீராய்டு தரப்படவில்லை. சிதைவதற்கான கொடையாளர் அணுக்கள் தீர்ந்துபோன பின் இந்த எதிர்வினை தானே அடங்குவது. அதற்கு, புதிதாக மூட்டு வைத்த ஒருவரின் தொற்று எதிர்ப்பைக் குறைப்பதில் பயன் இல்லை என்ற சிகிச்சைக் குழுவின் முடிவை நான் ஏற்கிறேன்.

தாமதமாக வரும் மற்ற இரண்டு எதிர்ப்பு வினைகளையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்த்திருந்தார்கள். ஐந்து முதல் பன்னிரண்டு நாளுக்குள் தட்டணுக்கள் திடீரெனச் சரியும் பர்ப்புரா, முன்பு கருவுற்ற பெண்களிடமே பெரும்பாலும் காணப்படுவது, பெரும்பாலும் ஹெச்.பி.ஏ.-1ஏ என்ற தட்டணு ஆன்டிஜெனுக்கு எதிரானது. தட்டணுக்கள் 2,60,000 இருந்ததால் அது விலகியது. கொடையாளரின் லிம்போசைட்டுகள் பெறுநரைத் தாக்கும் ஒட்டுநோய், காய்ச்சல், தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, எல்லா இரத்த அணுக்களும் குறைதல் என்று தோன்றி ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிப்பது. இரத்தப் பைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது அதைத் தடுக்கத்தான். அதன் சாயல் எதுவும் இங்கே இல்லை.

பழைய கோப்பு

பதினோராம் நாள், வலியும் மயக்கமும் தெளிந்திருந்த நோயாளியிடம் இரத்த வங்கி மருத்துவரே நேரில் வந்து, ‘அம்மா, இதுக்கு முன்னாடி எப்பவாவது உங்களுக்கு இரத்தம் ஏத்தியிருக்காங்களா?’ என்று கேட்டார். தயக்கமின்றிப் பதில் வந்தது: ‘சின்னவன் பிறந்தப்ப மூணு பாட்டில் ஏத்தினாங்க டாக்டர்.’ பிரசவத்துக்குப் பின் பெருமளவு இரத்தப்போக்கு ஏற்பட்டு அப்போது உயிர் பிழைத்ததே பெரிது என்றும் சொன்னார். படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிய மகன் பிறந்த அன்று நடந்த செய்தி அது. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மூத்த மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கோப்பில் இன்னொரு தாள் இருந்தது. அந்தப் பிரசவத்துக்கு மறு ஆண்டு, கருப்பை நார்க்கட்டி அறுவைக்காக வேறொரு மருத்துவமனையில் செய்த முன்பரிசோதனை. அதன் அடிப்பகுதியில், ‘ஆன்டி-ஜேகே-ஏ கண்டறியப்பட்டது, இரத்தம் தேவைப்பட்டால் முன்கூட்டித் தெரிவிக்கவும்’ என்ற ஒரு வரி. அந்த அறுவைக்கு இரத்தம் தேவைப்படவில்லை. அதனால் யாரும் அந்த வரியைப் பற்றி அவரிடம் பேசவில்லை. அவருக்கு அது ஒரு இரத்தப் பரிசோதனைத் தாள், அவ்வளவே.

இந்த நிகழ்வில் என் கவனம் முழுவதும் இந்தத் தாளில்தான் நிற்கிறது. ஜெல் முறை, பேனல், எலூஷன், மரபணுச் சோதனை எல்லாம் சேர்ந்து ஒன்பதாம் நாளுக்குப் பின் கண்டுபிடித்ததை, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தொழில்நுட்பர் சரியாகக் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார். அறிவு இல்லாமல் போகவில்லை; அது ஒரு மருத்துவமனையின் சுவருக்குள் நின்றுவிட்டது. ஆன்டிபாடி பிளாஸ்மாவிலிருந்து மறையக்கூடியது என்பதால், அதன் பதிவு மறையாமல் இருப்பதே ஒரே காப்பு. நெதர்லாந்தில் டிரிக்ஸ் என்ற தேசியப் பதிவேடு இத்தகைய ஆன்டிபாடிகளை மருத்துவமனைகளுக்கிடையே பகிர்கிறது. அப்படிப்பட்ட பொதுப் பதிவேடு இல்லாத இடங்களில் நோயாளி கையில் தரப்படும் அட்டைதான் பதிவேடு. அதன் பொருளை அவர் மொழியில் அவருக்கு விளக்காமல் கொடுத்தால் அதுவும் கோப்பில் ஒரு தாளாகவே முடியும். சேர்க்கைப் படிவத்தின் கேள்வியையும் மாற்றி அமைக்கலாம். ‘இரத்தம் ஏற்றப்பட்டதுண்டா’ என்று ஒற்றைக் கட்டத்தில் கேட்பதைவிட, பிரசவங்கள், பெரிய அறுவைகள், விபத்துகள் ஒவ்வொன்றையும் சொல்லி அப்போது இரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டால் நினைவு வரும். பதில் சொல்பவர் நோயாளியா, உறவினரா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உறவினரின் ‘இல்லை’ என்பது உண்மையில் ‘தெரியாது’ என்பதே.

இதற்கு மாற்றாக எல்லோருக்கும் கிட், டஃபி, கெல் வரை பொருத்தி இரத்தம் தரலாமே என்று கேட்கப்படுவதுண்டு. கதிர் அரிவாள் சோகை, தலசீமியா போன்று வாழ்நாள் முழுதும் இரத்தம் தேவைப்படுவோருக்கு ஆர்ஹெச், கெல் ஆன்டிஜென்களையும் பொருத்தித் தருவது நல்ல நடைமுறை. ஒருமுறை மட்டும் இரத்தம் பெறும் லட்சக்கணக்கானோருக்கு அதே ஏற்பாட்டைச் செய்ய இருப்பும் போதாது, அவசரமும் அனுமதிக்காது. காக்கப்படுவோர் மிகச் சிலரே.

பின்தொடர்தல்

பதினான்காம் நாள் ஹீமோகுளோபின் 8.3, எல்.டி.ஹெச். 420, பிலிருபின் 1.6, கிரியேட்டினின் 1.0. பதினாறாம் நாள் வீடு திரும்பினார். இம்முறை டிஸ்சார்ஜ் தாளின் முதல் பத்தியிலேயே ஏற்றப்பட்ட மூன்று அலகுகளின் நாளும், ஆன்டிபாடியின் பெயரும் இருந்தன. கொடையாளர் இருவர் மீதும் எந்தத் தடையும் இல்லை. அவர்கள் இரத்தத்தில் குறையில்லை, ஜேகே-ஏ அவர்களது இயல்பு. நிகழ்வு இரத்தப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு அறிவிக்கப்பட்டது.

நாற்பதாம் நாள் ஹீமோகுளோபின் 11.2. நேரடி கூம்ஸ் அப்போதும் சி3டிக்கு மங்கலாக பாசிட்டிவ். கொடையாளர் அணுக்கள் ஒன்றுகூட எஞ்சியிருக்காத நிலையிலும் இது சிலரிடம் மாதக்கணக்கில் நீடிப்பது அறிந்ததே; சிதைவின் வேறு அடையாளம் இல்லாதவரை அதற்காக எதுவும் செய்யத் தேவையில்லை. ஆறாம் மாதம் எடுத்த மாதிரியில் வழக்கமான ஜெல் ஸ்கிரீனிங் மறுபடி நெகட்டிவ். பாப்பெய்ன் இட்ட இரட்டை அளவு அணுக்களில் மட்டும் மெல்லிய வினை. ஆன்டிபாடி வரலாறு உள்ள ஒருவருக்கு ஸ்கிரீனிங் நெகட்டிவ் என்ற ஒன்றை வைத்து, கணினி வழிச் சுருக்கப் பொருத்தத்தில் பை அனுப்புவது கூடாது. எனவே அவரது எண்ணைத் திறந்ததும் முடிவுக்கு மேலே, ‘ஆன்டி-ஜேகே-ஏ, ஜேகே-ஏ அற்ற பை மட்டும், கூம்ஸ் கட்டம் வரை கிராஸ்மேட்ச்’ என்று திரையில் வரும்படி நிலையான குறிப்பு பதிவேற்றப்பட்டு, அதே வரிகள் அச்சான அட்டையின் பிரதிகள் அவருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தரப்பட்டன.